13 வயது மகளின் பல் நெருக்கம்: நான்கு பற்களை எடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 13 வயது நிறைந்துவிட்டது. ஞானப்பற்கள் நீங்கலாக நிலைப்பற்கள் எல்லாம் முளைத்துவிட்டன. மேல்தாடையின் வலப்புறக் கோரைப்பல் வரிசைக்கு வெளியே, ஈற்றின் மேற்பகுதியில் தெத்துப்பல்லாக நிற்கிறது. இடப்புறத்துக் கோரைப்பல்லும் பாதி வெளியேதான் இருக்கிறது. கீழ் முன்பற்கள் நான்கும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பதால் பிரஷ் உள்ளே நுழைவதில்லை. அங்கே காறை படிந்து, பல் துலக்கும்போது ஈற்றில் இரத்தமும் கசிகிறது.

மதுரையில் இரண்டு பல்சீரமைப்பு நிபுணர்களிடம் காட்டினோம். முதலாமவர் அச்சு எடுத்து, இரண்டு எக்ஸ்ரேக்களும் எடுத்துப் பார்த்துவிட்டு, மேலும் கீழுமாக நான்கு முன்கடைவாய்ப் பற்களை (கோரைப்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் இடைப்பட்டவை) எடுத்த பிறகுதான் கிளிப் போட வேண்டும் என்றார். இரண்டாமவர், ஒரு பல்லையும் எடுக்கத் தேவையில்லை, புதுவகை பிராக்கெட் போட்டுப் பல்வரிசையைச் சற்று விரித்தால் இடம் கிடைத்துவிடும் என்றார். இருவரும் முறையாக எம்.டி.எஸ். முடித்தவர்கள், அதனால்தான் குழப்பம் கூடுகிறது.

சொத்தை இல்லாத நல்ல பற்களைப் பிடுங்கிப் போடுவதா என்று என் மாமியார் வருந்துகிறார். பல் எடுத்தால் கன்னம் ஒட்டி முகம் உள்வாங்கிவிடும் என்கிறார்கள் உறவினர்கள். பதினெட்டு வயது வரை காத்திருக்கலாம் என்று சொல்வோரும் உண்டு. இத்துடன், என் 9 வயது மகனுக்கும் கீழ் முன்பற்கள் லேசாகக் கோணியிருக்கின்றன, மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி தெரிகிறது. அவனுக்கும் இப்போதே ஏதேனும் செய்ய வேண்டுமா? இவை பற்றி அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: பல்சீரமைப்பு மருத்துவர், திருச்சி

வணக்கம். நேரில் பாராமல் எந்த மருத்துவர் சரி என்று தீர்ப்புச் சொல்ல இயலாது. ஆனால் இந்த முடிவு எவ்வாறு எடுக்கப்படுகிறது என்பதைச் சொன்னால், அந்த இருவரிடமும் என்ன கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே தெளிவாகும்.

முதலில், இந்த வழக்கு உங்கள் வீட்டில் தொடங்கியதன்று. நூறாண்டுக்கு மேலாக எங்கள் துறையில் நடந்துகொண்டிருப்பது. மேல் முதல் கடைவாய்ப்பல்லும் கீழ் முதல் கடைவாய்ப்பல்லும் கடிக்கும்போது எங்கே பொருந்துகின்றன என்பதை வைத்து அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் 1899-இல் வகுத்த மூன்று வகுப்புகளைத்தான் இன்றும் நோயாளிச் சீட்டில் எழுதுகிறோம். அவர் எல்லாப் பற்களையும் வாயில் வைத்துக்கொண்டே சீராக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். கால்வின் கேஸ் 1911-இல் அதை வெளிப்படையாக மறுத்தார். பிற்காலத்தில் ஆங்கிளின் மாணவரான சார்ல்ஸ் ட்வீட், ஆசிரியர் சொன்ன வழியில் சிகிச்சை பெற்றும் பற்கள் முன்தள்ளி மறுபடி கோணிக்கொண்டவர்களுக்கு, முன்கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டு இரண்டாம் முறை சிகிச்சை செய்து, வேறுபாட்டைச் சக மருத்துவர்களுக்குக் காட்டினார். அதன்பின் பல் எடுப்பது பெருவழக்காயிற்று; கடந்த சில பத்தாண்டுகளில் அது மறுபடி குறைந்திருக்கிறது. எனவே இரண்டு மருத்துவர்கள் வேறுபடுவதே தவறு ஆகாது. காரணத்தை அளவுகளோடு சொல்கிறார்களா என்பதுதான் கேட்க வேண்டியது.

அளவு எடுப்பது அச்சில் தொடங்குகிறது. முதல் கடைவாய்ப்பற்களுக்கு முன்னால் உள்ள பத்துப் பற்களின் அகலத்தையும் ஒவ்வொன்றாக அளந்து கூட்டினால், அவை நேராக நிற்கத் தேவையான இடம் தெரியும். தாடை வளைவின் வழியே மெல்லிய கம்பியை வளைத்து வைத்து அளந்தால், இருக்கும் இடம் தெரியும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே நெருக்கத்தின் அளவு. பொதுவாக 4 மி.மீ.-க்கும் குறைவாக இருந்தால் பல் எடுக்க வேண்டிய தேவை அரிது. 10 மி.மீ.-ஐத் தாண்டினால் எடுக்காமல் முடிவது அரிது. இடைப்பட்ட 5 முதல் 9 மி.மீ. வரையிலான பரப்பில்தான் மருத்துவர்கள் பிரிகிறார்கள். அங்கே அச்சு மட்டும் விடை தராது.

அதற்காகத்தான் பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரே, அதாவது செஃபலோகிராம், எடுக்கிறோம். மற்றொன்று எல்லாப் பற்களும் வேர்களும் ஒரே படத்தில் தெரியும் ஓ.பி.ஜி. இவ்விரண்டிலும் சேரும் கதிர்வீச்சு, நாம் சில நாட்களில் இயற்கையாகவே பெறும் அளவினதே, அஞ்ச வேண்டியதில்லை. செஃபலோகிராமில் நாங்கள் முதலில் தேடுவது, கீழ் முன்பற்கள் தாடை எலும்பின் அடிக்கோட்டிலிருந்து எத்தனை பாகை சாய்ந்து நிற்கின்றன என்பதை. ட்வீட் வைத்த இலக்கு 90 பாகை. நம் மக்களிடையே பற்களும் உதடுகளும் இயல்பாகவே சற்று முன்தள்ளி இருப்பதால், அந்த எண்ணை அப்படியே நம் பிள்ளைகள்மீது சுமத்துவது முறையன்று. சில பாகைகள் கூடுதலாக இருப்பதை இயல்பாகவே கொள்கிறோம். ஆயினும், ஏற்கெனவே வெளியே சாய்ந்து நிற்கும் பற்களை, பல் எடுக்காமல் நேராக்குகிறோம் என்று மேலும் வெளியே தள்ளினால், வேர்களை மூடியிருக்கும் மெல்லிய எலும்பும் ஈறும் அதைத் தாங்குமா என்ற கேள்வி எழுகிறது. மாறாக, முன்பற்கள் உள்வாங்கி, உதடுகளும் தட்டையாக உள்ள பிள்ளைக்கு, 8 மி.மீ. நெருக்கம் இருந்தாலும் பல் எடுக்க நான் தயங்குவேன்.

இடம் வேறு வழிகளிலும் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் எல்லை உண்டு. பற்களின் பக்கவாட்டில் எனாமலை மெல்லியதாகத் தேய்த்தால், தொடும் இடம் ஒவ்வொன்றிலும் சுமார் அரை மி.மீ. கிடைக்கும்; ஒரு தாடையின் முன்பற்கள் ஆறுக்கும் இடையே ஐந்து தொடும் இடங்கள் இருப்பதால் 2.5 மி.மீ. வரை தேறும். மேல்தாடை உண்மையிலேயே குறுகி, பின்பற்கள் உள்ளே விழுந்து கடிக்கும் பிள்ளைகளுக்கு விரிவாக்கக் கருவி மிகவும் ஏற்றது. ஆனால் முன்கடைவாய்ப் பகுதியில் 1 மி.மீ. விரித்தால் வளைவின் சுற்றளவில் கூடுவது சுமார் 0.7 மி.மீ. மட்டுமே. கீழ்த்தாடையில் கோரைப்பற்களுக்கு இடைப்பட்ட அகலத்தை விரிப்பதோ பெரும்பாலும் நிலைப்பதில்லை. கம்பியைக் கழற்றிய சில ஆண்டுகளில் அது பழைய அகலத்துக்கே திரும்ப முனைகிறது. தானே இறுக்கும் புதுவகை பிராக்கெட்டுகள் பல் எடுக்கும் தேவையை நீக்கிவிடும் என்று விளம்பரப்படுத்தப்படுகின்றன. முறையாக ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகள் அவை சிகிச்சைக் காலத்தைக் குறைப்பதாகவோ, வழக்கமான பிராக்கெட்டால் ஆகாத இடத்தை உண்டாக்குவதாகவோ காட்டவில்லை. பிராக்கெட் என்பது கைப்பிடிதான். இடம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அது விடையாகாது.

முகம் உள்வாங்கும் என்ற அச்சத்துக்கு வருகிறேன். முன்கடைவாய்ப்பல் ஒன்று ஏறத்தாழ 7 மி.மீ. அகலமுடையது. ஒரு தாடையில் இரண்டை எடுத்தால் 14 மி.மீ. இடம் கிடைக்கும். நெருக்கத்தைத் தீர்த்தது போக எஞ்சும் இடத்தை, முன்பற்களைப் பின்னிழுத்து மூடுவதா, கடைவாய்ப்பற்களை முன்னே கொணர்ந்து மூடுவதா என்பது மருத்துவரின் திட்டத்தில் உள்ளது. உதடு எவ்வளவு பின்னே போகும் என்பதைத் தீர்மானிப்பது அந்தப் பங்கீடுதான். கன்னம் ஒட்டுவது பெரும்பாலும் வயதாலும் உடல் மெலிவாலும் நேர்வது. பல் எடுத்ததன்மேல் அந்தப் பழி விழுந்துவிடுகிறது.

ஆகவே இருவரிடமும் இவற்றைக் கேளுங்கள்: மேலும் கீழும் நெருக்கம் எத்தனை மி.மீ.? கீழ் முன்பற்களின் சாய்வு எத்தனை பாகை? தங்கள் திட்டம் முடியும்போது அந்தப் பற்கள் எங்கே நிற்கும்? ஓய்வாக இருக்கும்போது உதடுகள் தாமாக மூடுகின்றனவா என்பதை வீட்டிலேயே, அவள் அறியாத நேரத்தில் கவனியுங்கள்.

மறுமொழி: குழந்தைகள் பல் மருத்துவர்

மகளைப் பற்றி மேலே விளக்கமாகச் சொல்லிவிட்டார். பதினெட்டு வரை காத்திருப்பதால் நெருக்கத்தைப் பொறுத்தவரை எந்த ஆதாயமும் இல்லை. ஈற்றில் இரத்தம் கசியும் நிலையில் இழப்புத்தான். நிலைப்பற்கள் முளைத்து முடிந்த 12, 13 வயது இந்தச் சிகிச்சைக்கு ஏற்ற பருவமே.

மகனின் கதை வேறு. 8 முதல் 11 வயது வரை மேல் முன்பற்கள் விசிறிபோல் விரிந்து, நடுவில் இடைவெளியோடு தோன்றுவது பெரும்பாலும் வளர்ச்சியின் ஒரு கட்டம். எலும்புக்குள் மேலிருந்து இறங்கும் கோரைப்பற்கள் பக்கத்துப் பற்களின் வேர்களை நெருக்குவதால் அப்படி நேர்கிறது. அவை முளைத்து வந்ததும் இடைவெளி பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும். கீழ் முன்பற்களில் இந்த வயதில் ஓரிரு மி.மீ. நெருக்கம் இருப்பதும் இயல்பே. மேலும், பால் கடைவாய்ப்பற்கள் அவற்றுக்குப் பதிலாக வரும் நிலைப்பற்களைவிட அகலமானவை. அதனால் பால்பற்கள் விழும்போது கீழ்த்தாடையில் பக்கத்துக்கு 1.7 மி.மீ. வீதம் சுமார் 3.4 மி.மீ. மிச்சமாகிறது. ஒன்றும் செய்யாவிட்டால் முதல் கடைவாய்ப்பற்கள் முன்னே நகர்ந்து அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். தேவைப்பட்டால், நாக்குப் பக்கமாக ஒரு கம்பியைப் பொருத்தி அந்த இடத்தை முன்பற்களுக்காகக் காத்து வைக்கலாம்.

நம் ஊரில் நான் அடிக்கடி காண்பது, விழப்போகிற பல்தானே என்று பால் கடைவாய்ப்பல்லின் சொத்தையைக் கவனியாது விட்டு, பிறகு அதைப் பிடுங்கிவிட்டு, இடங்காப்புக் கருவியும் போடாமல் போவது. அந்த இடம் சில மாதங்களிலேயே சுருங்கத் தொடங்கும். பின்னால் வரும் நெருக்கத்தில் ஒரு பகுதி பரம்பரையால் வந்ததன்று, இப்படி நாமே வரவழைத்தது.

உங்கள் மகனுக்கு இப்போது செய்ய வேண்டியது ஒன்றே: 10 வயதில் மேல் கோரைப்பற்களின் புடைப்பு ஈற்றின் வெளிப்புறத்தில் விரலுக்குத் தட்டுப்படுகிறதா என்று ஒரு மருத்துவர் தொட்டுப் பார்க்க வேண்டும். தட்டுப்படாவிட்டால் எக்ஸ்ரே எடுத்து, அது அண்ணத்துப் பக்கம் திசைமாறிச் செல்கிறதா என்று பார்ப்போம். அந்த வயதில், வரிசையில் இடமிருந்தால், பால் கோரைப்பல்லை மட்டும் எடுத்துவிட்டாலே திசை திரும்பிய கோரைப்பற்களில் பெரும்பாலானவை நேர்வழிக்கு வருகின்றன. எரிக்சனும் குரோலும் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் 46 பற்களில் 36 அவ்வாறு திரும்பின. தவறவிட்டால், பின்னாளில் ஈற்றைத் திறந்து பல்லில் கொக்கி ஒட்டி இழுத்து வர நேரிடும்.

மறுமொழி: கணக்காளர், சேலம்

நான் மருத்துவனல்லன், முப்பதைக் கடந்த பிறகு கிளிப் போட்டுக்கொண்டவன். பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஒவ்வொரு முறை கம்பியை மாற்றிய பிறகும் இரண்டு மூன்று நாள் பற்கள் கூசும். இட்லி, தயிர் சோறு, குழைந்த பருப்பு என்று சமாளிக்கலாம். முறுக்கு, கடலை மிட்டாய், கரும்பு, கறி எலும்பு ஆகியவற்றைச் சிகிச்சை முடியும் வரை மறந்துவிட வேண்டும். ஒரு பிராக்கெட் பெயர்ந்தால் அந்தப் பல்லின் நகர்வு அடுத்த சந்திப்பு வரை நின்றுவிடுகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரிய இடர் பல் துலக்குவதுதான். பிராக்கெட்டைச் சுற்றி உணவு படிந்தால், சிகிச்சை முடிந்து கழற்றும்போது எனாமலில் சுண்ணாம்பு வெண்மையில் தழும்புகள் தெரியும். அவற்றை முழுமையாக மறைப்பது எளிதன்று.

ட்ரே போன்ற தெளிவான அலைனர் வேண்டுமென்று உங்கள் மகள் கேட்கக்கூடும். ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் அணிந்திருந்தால்தான் அது வேலை செய்யும். சாப்பிடும்போது கழற்றித் தாளில் சுற்றி வைத்து, தட்டோடு குப்பைக்குப் போன கதைகளை நிறையக் கேட்டிருக்கிறேன்.

ஒரு ஐயம் எனக்கும் உண்டு. ஞானப்பற்கள் முளைக்கும்போது முன்பற்களைத் தள்ளி மறுபடி கோணலாக்கும், ஆகவே முன்கூட்டியே அவற்றை எடுத்துவிட வேண்டும் என்கிறார்களே, அது உண்மையா?

மறுமொழி: பல்சீரமைப்பு மருத்துவர், திருச்சி

ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. ஞானப்பல்லே பிறவியில் இல்லாதவர்களுக்கும் வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருங்குகின்றன. கிளிப்பே போடாதவர்களுக்கும் அப்படியே. எனவே நெருக்கத்தைத் தடுப்பதற்கென்று மட்டும் ஞானப்பல்லை எடுக்கத் தேவையில்லை. சொத்தை, சீழ், பக்கத்துப் பல்லுக்குச் சேதம் போன்ற வேறு காரணம் இருந்தால் எடுக்கலாம். முன்பற்களைக் காப்பது, சிகிச்சை முடிந்த பின் பற்களை அதே இடத்தில் நிறுத்தி வைக்கும் ரீட்டெய்னர்தான். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டிலும் சக ஆய்வாளர்களும், பல் எடுத்துச் சீராக்கப்பட்ட நோயாளிகளை ரீட்டெய்னர் நிறுத்திப் பத்து, இருபது ஆண்டுகள் கழித்து அழைத்துப் பார்த்தபோது, பெரும்பாலோரின் கீழ் முன்பற்கள் மறுபடி நெருங்கியிருந்தன. பல் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ரீட்டெய்னரிலிருந்து விடுதலை இல்லை. இரண்டு திட்டங்களையும் ஒப்பிடும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: வைகைக்கரை

அனைவருக்கும் நன்றி. மருத்துவர் ஐயா சொன்னபடி இருவரிடமும் அளவுகளைக் கேட்டேன். முதலாமவர் எழுதியே கொடுத்தார்: மேலே 7 மி.மீ., கீழே 6 மி.மீ. நெருக்கம், கீழ் முன்பற்களின் சாய்வு 101 பாகை, கடைவாய்ப்பற்கள் முதல் வகுப்பு, அதாவது இயல்பான பொருத்தம். இரண்டாமவர் நெருக்கத்தைப் பொறுத்தவரை அதே அளவுகளை ஒப்புக்கொண்டார். ஆனால் அவர் செஃபலோகிராம் எடுக்கவில்லை. மகள் தொலைக்காட்சி பார்க்கும்போது கவனித்தேன். உதடுகள் மூடுவதில்லை, மூடச் சொன்னால் தாடைத் தசை சுருங்குகிறது.

இன்னும் இரண்டு கேள்விகள். கீழ் இடப்புற முதல் கடைவாய்ப்பல்லில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் பெரிய சொத்தையை அடைத்திருக்கிறோம். அதனால் திட்டம் மாறுமா? நான்கு பற்களையும் ஒரே நாளில் எடுப்பார்களா?

மறுமொழி: பல்சீரமைப்பு மருத்துவர், திருச்சி

இந்த அளவுகளைப் பார்த்தால், முதலாமவரின் பக்கமே நானும் சாய்வேன். காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். கீழே 6 மி.மீ. நெருக்கத்தை முன்பற்களை வெளியே தள்ளி மட்டும் அவிழ்த்தால், அவை ஏறத்தாழ 3 மி.மீ. முன்னே வர வேண்டும், 1 மி.மீ.-க்குச் சுமார் 2.5 பாகை என்று கொண்டால், 101 என்பது 108-ஐ எட்டும். எனாமலைத் தேய்த்து 2.5 மி.மீ. மீட்டாலும் சாய்வு கூடுமே தவிரக் குறையாது. இப்போதே மூடாத உதடுகள் அப்போது இன்னும் அகன்று நிற்கும். பல் எடுத்தால் கீழே கிடைப்பது 14 மி.மீ.; நெருக்கத்துக்கு 6 போக எஞ்சுவது 8. முன்பற்களை 2 மி.மீ. பின்னிழுக்க இரு பக்கமும் சேர்த்து 4 செலவாகும்; மீதியைக் கடைவாய்ப்பற்கள் பக்கத்துக்கு 2 மி.மீ. முன்னே வந்து மூடும். மேலே இதே பங்கீட்டில் கடைவாய்ப்பற்கள் 1.5 மி.மீ. முன்னே வரும், அரை மி.மீ. வேறுபாட்டைக் கம்பியிலேயே சரிசெய்யலாம். முகத்தை உள்வாங்கச் செய்யும் கணக்கன்று இது. உதடுகள் சிரமமின்றி மூடும் அளவுக்கான கணக்கு. இரண்டாமவரும் செஃபலோகிராம் எடுத்துப் பார்த்தால் இதே முடிவுக்கு வரக்கூடும். செஃபலோகிராம் இன்றி இந்த அளவு நெருக்கத்துக்குத் திட்டம் வகுப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அடைத்த கடைவாய்ப்பல்லைப் பற்றி நீங்கள் கேட்டது முக்கியமானது. அடைப்பு எவ்வளவு ஆழம், வேர்நுனியில் ஏதேனும் நிழல் தெரிகிறதா என்று அந்தப் பல்லுக்கு மட்டும் ஒரு சிறிய எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது நலமாக இருந்தால் திட்டம் மாறாது. நெடுநாள் தாங்காது என்று தெரிந்தால், அந்தப் பக்கத்தில் நல்ல முன்கடைவாய்ப்பல்லை விட்டுவிட்டு அந்தக் கடைவாய்ப்பல்லையே எடுப்பது பற்றி யோசிக்கலாம். இடம் பெரிது, மூட நாளாகும், இரண்டாம் கடைவாய்ப்பல் சாயாமல் முன்னே வர எலும்பில் பொருத்தும் சிறு திருகு (மினி ஸ்க்ரூ) தேவைப்படலாம். ஆனாலும் நல்ல பல் மிஞ்சும். இதை முடிவு செய்யும் வரை எந்தப் பல்லையும் எடுக்க வேண்டாம்.

நான்கையும் ஒரே நாளில் எடுப்பது வழக்கமன்று. ஒரு பக்கத்தின் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் ஒரு நாளிலும், ஒரு வாரம் கழித்து மறுபக்கத்தையும் எடுத்தால், மற்றப் பக்கத்தால் அவள் மென்று சாப்பிடலாம். அதற்கு முன் ஈற்றுக் காறையை நீக்கிவிட வேண்டும். இரத்தக் கசிவு நின்ற பிறகே பிராக்கெட் ஒட்டுவது நல்லது. எடுத்த இடங்கள் மாதத்துக்குச் சுமார் 1 மி.மீ. வீதமே மூடும் என்பதால், மொத்தச் சிகிச்சை ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு ஆகும். அவளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எந்த மார்ச்சில் வருகிறது என்று மருத்துவரிடம் இப்போதே சொல்லிவிட்டால், பல் எடுப்பதும் கம்பி இறுக்குவதும் அந்த வாரங்களில் வராமல் நாள் குறிக்கலாம். செலவு கட்டுப்படியாகாவிட்டால், சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியின் பல்சீரமைப்புத் துறையில் இதே சிகிச்சையைக் குறைந்த கட்டணத்தில் பெறலாம். அச்சு, எக்ஸ்ரே ஆகியவற்றின் பிரதிகளைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.